மழை எட்டாத பாத்திகள்



இந்தக் கிழமைத் தியானத்துக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் எரு. முகம் சுளிக்க வேண்டாம். திருமறை அதற்கு முகம் சுளிக்கவில்லை. லூக்கா நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில், மூன்று ஆண்டுகளாகக் கனி கொடாத அத்திமரத்தை வெட்டிவிடச் சொன்ன எசமானிடம் தோட்டக்காரன் இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறான். கேட்டதோடு அவன் நின்றுவிடவில்லை. அந்த ஓராண்டில் மரத்தைச் சுற்றிக் கொத்துவதாகவும் எருவிடுவதாகவும் சொல்லி, தன் கைவேலையையே பிணையாக வைக்கிறான். நாம் பிரசங்கங்களில் தவணையைப் பற்றியே பேசிப் பழகிவிட்டோம். அந்த எரு எங்கிருந்து வந்தது, எதில் சுமந்தான், அது போதிய அளவு மட்கியிருந்ததா என்று கேட்பது பக்திக்குப் பொருந்தாது என எண்ணுகிறோம் போலும். தோட்டம் செய்கிறவர்களோ அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

நம் சபையில் சிறியோரும் பெரியோரும் மாமி என்றே அழைக்கும் மூத்த தாயாரை நீங்கள் அறிவீர்கள். தெற்கு லண்டனின் ஓரத்தில், நகரசபையிடம் குத்தகைக்குப் பெற்ற தோட்டத் துண்டொன்றை இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேணி வருகிறவர். இந்நாட்டில் இத்தகைய துண்டுகளை அலொட்மென்ட் என்பர். கேட்கும் மக்களுக்கு இவற்றை ஒதுக்கிக் கொடுப்பது உள்ளூராட்சி மன்றங்களின் கடமை என்று 1908ஆம் ஆண்டின் சட்டம் வகுத்தது. முழுத் துண்டு என்பது பழைய கணக்கில் பத்துக் கோல், ஏறத்தாழ 250 சதுர மீட்டர். மாமியிடம் இருப்பது அதில் பாதி. அந்தப் பாதியின் நடுவே மூன்று மீட்டர் அகலமும் ஆறு மீட்டர் நீளமுமான பொலித்தீன் கூடாரம் ஒன்று நிற்கிறது. கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டி, பாகல் என்று நம்மவர் சமையலறைகளுக்குப் போகும் காய்களில் பெரும்பங்கு அதனுள்தான் விளைகிறது. இங்கே நான் எழுதப்போவதை அவருடைய அனுமதியுடனேயே எழுதுகிறேன். பெயரைப் போட வேண்டாம் என்றார், போடவில்லை.

இந்தக் கூடாரத்தை இங்குள்ளவர்கள் பொலிடனல் என்பார்கள். துத்தநாகப் பூச்சுள்ள இரும்புக் குழாய்களை வில்லாக வளைத்து நிலத்தில் ஊன்றி, அவற்றின்மேல் தெளிந்த பொலித்தீன் விரிப்பைப் போர்த்தி, அதன் விளிம்புகளை இரு பக்கமும் அகழியில் புதைத்து மண்ணிட்டு மிதித்துவிட்டால் வேலை முடிந்தது. விரிப்பு சாதாரணப் பொலித்தீனாக இருக்கக் கூடாது. சூரியனின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் பொருள் சேர்க்கப்படாத விரிப்பு ஓரிரு கோடையிலேயே நொறுங்கிப் போகும். இதன் மூலக்கதை எனக்குப் பிடித்தமானது. 1948இல் அமெரிக்காவின் கெண்டக்கிப் பல்கலைக்கழகத்தில் எமெரி எம்மெர்ட் என்ற பேராசிரியர், கண்ணாடி வீடு கட்டும் செலவுக்கு வழியில்லாமல், மரச்சட்டத்தின்மேல் செலோபேன் தாளை இழுத்துக் கட்டிச் செடி வளர்த்துப் பார்த்தார். பின்னர் பொலித்தீனுக்கு மாறினார். இன்று உலகெங்கும் நிற்கும் பிளாஸ்டிக் கூடாரங்களுக்கு முன்னோடி, கையிருப்புப் போதாமையால் எழுந்த அந்தக் குடில். கூடாரம் செய்து பிழைத்த பவுல் இதைக் கண்டிருந்தால் துணியின் தையலைச் சோதித்திருப்பார் என்று ஒருமுறை சொன்னேன். மாமி, இதிலே தையல் கிடையாது ஐயா, கிழிந்தால் ஒட்டுநாடாதான் என்றார்.

கூடாரத்துக்குள் நுழைந்ததும் ஒன்று விளங்கும். அங்கே மழை இல்லை. இந்நாட்டில் மழையிலிருந்து தப்புவது தக்காளிக்குப் பெரும் பாக்கியம். இலை நனைந்து நெடுநேரம் ஈரமாயிருந்தால் வந்து பற்றும் கருகல் நோய், 1845 முதல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்துக்கு வழிவைத்த அதே நோய், திறந்த வெளியில் நிற்கும் தக்காளியை ஆகஸ்ட் முடியுமுன் கருக்கிவிடக்கூடும். உள்ளே இலை உலர்ந்திருப்பதால் ஒக்டோபர் வரையிலும் பழம் பறிக்கலாம். ஆனால் மழையை வெளியே நிறுத்தியவர் அன்று முதல் தாமே மழையாக வேண்டும். மாமி பனியிலும் பண்டிகையிலும் அந்த வாளிகளைச் சுமப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். நீர் ஊற்றினால் மட்டும் போதாது. மேலிருந்து மழை கழுவாத மண்ணில், வெயில் ஈரத்தை மேலே இழுக்க இழுக்க, எருவிலும் நீரிலும் உள்ள உப்புகள் மேற்பரப்பில் வெள்ளையாய்ப் பூக்கும். அதைக் குளிர்காலத்தில் நிறைய நீர் விட்டு ஆழத்துக்கு இறக்க வேண்டும். சாரமிழந்த உப்பு நிலத்துக்கும் எருக்குவியலுக்கும் உதவாது என்று ஆண்டவர் பேசியதை லூக்கா எழுதி வைத்திருக்கிறார். எருக்குவியல் அவர் பேச்சில் வருவது எனக்கு எப்போதும் ஆறுதல் தரும். அவர் நடந்த ஊர்களின் வாசற்புறம் அதில் தெரிகிறது.

கதவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெயிலான மே மாத நாளில் மூடிய கூடாரத்தினுள் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவது எளிது. அந்தச் சூட்டில் தக்காளிப் பூவின் மகரந்தம் கெட்டு, பூ காய்க்காமல் உதிரும். எனவே காலையில் இரு முனைக் கதவுகளையும் திறக்க வேண்டும், மாலையில் மூட வேண்டும். காற்றுக்கு மட்டுமல்ல, வண்டுகளுக்கும் அது வாசல். தக்காளி, கத்தரிப் பூக்களின் மகரந்தம் சிறு துளைக்குள் அடைபட்டிருக்கும். பம்பிள்பீ எனப்படும் மயிரடர்ந்த பருத்த தேனீ பூவைக் கவ்விக்கொண்டு உடலை அதிரச் செய்யும்போதுதான் அது சிந்தும். வீட்டுத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. கதவை மூடிப் பாதுகாப்பாய் வைத்திருக்கும் தோட்டத்தில் இலை செழிக்கும், காய் இராது.

இனி எருவுக்கு வருகிறேன்.

ஒரே பாத்தியில் ஆண்டுதோறும், சில வேளை ஆண்டுக்கு இருமுறை, பயிர் எடுக்கிறவர் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். எங்கள் ஊரிலே தோட்டத்துக்குக் குழை தாழ்ப்பார்கள். பூவரசங் குழையை வெட்டி மண்ணில் புதைப்பார்கள். ஆடுமாடுகளை இரவில் தோட்டத்திலேயே பட்டியடைத்து, அவற்றின் எச்சம் நேரே நிலத்தில் விழச் செய்வதும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எம்மில் மூத்தவர்களுக்கு அந்த மணம் இன்னும் நினைவிருக்கும். இங்கே மாமிக்குக் கிடைப்பது குதிரை லத்தி. அருகிலுள்ள லாயமொன்றில் வைக்கோலோடு வாரிக் குவித்ததை விரும்பியவர் இலவசமாய் அள்ளிக்கொள்ளலாம். புதிதாய்க் குவித்த லத்தி உள்ளுக்குள் 60 பாகை வரை சூடேறும். முற்காலத்து ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் அந்தச் சூட்டின்மேலேயே மண்ணைப் பரப்பி, உறைபனிக் காலத்தில் நாற்று வளர்த்தார்கள். ஆனால் பச்சை லத்தியை நேரே பாத்தியில் இடலாகாது. அதிலிருந்து எழும் அமோனியா மூடிய கூடாரத்தினுள் நாற்றைக் கருக்கும். ஆறு மாதமாவது குவித்து வைத்து, துர்நாற்றம் நீங்கி, கையில் எடுத்தால் காட்டு மண்போல் உதிரும் நிலை வந்த பின்பே, இலையுதிர் காலத்தில் பாத்தியின்மேல் நான்கு விரல் கனத்துக்குப் பரப்புவார் மாமி. கிண்டிப் புதைப்பதில்லை. மண்புழுக்கள் குளிர்காலம் முழுவதும் அதைக் கீழே இழுத்துக்கொண்டு போகும்.

இத்தனை ஒழுங்கும் தவறாமல் நடந்த ஓர் ஆண்டில்தான் அது நிகழ்ந்தது.

மே மாதம் நட்ட தக்காளி நாற்றுகள் ஜூன் முதற் கிழமையில் தலை சுருண்டன. நுனி இலைகள் விரியாமல் பன்னத்தின் இலைபோல் குறுகி முறுக்கிக்கொண்டன. கத்தரி இலைகள் கிண்ணமாய்க் குவிந்தன. மிளகாய் வளரவே இல்லை. நோயென்று எண்ணி ஓரிரண்டைப் பிடுங்கினார். மீந்தவையும் அப்படியே ஆயின. நீர் குறைந்ததோ, சூடு மிஞ்சியதோ என்று ஒவ்வொன்றாய்த் தள்ளிப் பார்த்தும் விடை வரவில்லை. பக்கத்துத் துண்டில் நெடுங்காலம் பயிர் செய்யும் ஆங்கிலேய முதியவர் ஒருவர் வந்து குனிந்து பார்த்து, எரு எங்கே எடுத்தீர்கள் என்று ஒரே கேள்வி கேட்டார்.

காரணத்தைச் சுருக்கமாய்ச் சொல்கிறேன். மேய்ச்சல் நிலத்துப் புல்லின் நடுவே வளரும் அகன்ற இலைக் களைகளைக் கொல்ல அமினோபைரலிட் என்ற மருந்தைத் தெளிப்பதுண்டு. அது புல்லுக்குத் தீங்கு செய்யாது. புல்லின் நாருக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் புல்லை உலர்த்தித் தீவனமாக்கினாலும் அதில் இருக்கும். குதிரை தின்றால் குதிரைக்கு ஒன்றும் ஆகாமல் அப்படியே லத்தியில் இறங்கும். குவித்து மட்க வைத்தாலும் எளிதில் போகாது. மண்ணில் கலந்து, நுண்ணுயிர்கள் அந்த நாரைச் சிதைக்கும்போதுதான் விடுபடும். விடுபட்டதும் தக்காளி, உருளைக்கிழங்கு, அவரை, பட்டாணி போன்றவற்றை முறுக்கும். 2008இல் இந்நாடெங்கும் தோட்டத் துண்டுகளில் இதே அழிவு காணப்பட்டு, அம்மருந்தின் விற்பனை அவ்வாண்டே நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர் கடுமையான நிபந்தனைகளோடு மீண்டும் அனுமதிக்கப்பட்டது. தெளித்த நிலத்துப் புல்லைத் தின்ற விலங்குகளின் எரு பண்ணைக்கு வெளியே போகலாகாது என்பது அந்நிபந்தனைகளில் ஒன்று. நிபந்தனை தாளில் இருக்கும். தீவனக் கட்டோ மூன்று கை மாறி லாயத்துக்கு வரும்.

பிரியமானவர்களே, பயிர் போனதைவிட எனக்குப் பெரிதாய்ப் பட்டது அதன் பின் நடந்தது. கூடாரத்துக்கு வெளியே நாங்கள் ஐந்தாறு பேர் நின்று பேசினோம். லாயத்துக்காரியிடம் இதைச் சொல்வதா, விடுவதா? பலரும் விடுவதே நல்லது என்றார்கள். அவர் எரு கொடுத்தது இலவசமாய், நல்ல மனதோடு. கொடுத்தவரிடம் போய் உன் கொடை எங்களுக்கு நஞ்சாயிற்று என்று சொல்வது நன்றிகெட்ட செயல் அல்லவா? அந்நிய நாட்டில், நம் தோலின் நிறத்தோடு, ஓர் ஆங்கிலேயப் பெண்ணின் வாசலில் போய்க் குற்றம் சொல்வதா என்ற அச்சமும் ஒருவர் வாயில் வந்தது. பொறுத்துக்கொள்வதே கிறிஸ்தவப் பண்பு என்று இன்னொருவர் முடித்தார். அவர் முடித்த விதம் எனக்கு உவப்பாயில்லை. நம் சபைகளில் பொறுமை என்ற பெயரில் நாம் புதைத்து வைத்திருக்கும் மௌனங்கள் பல எனக்குத் தெரியும். அவற்றில் சில மட்கியும் மட்காமலும் அடுத்த தலைமுறையின் பாத்தியில் போய்ச் சேர்ந்திருப்பதும் தெரியும். ஆயினும் அன்று நான் பேசுமுன் மாமி பேசினார்.

"குடுத்த கைக்கு இது தெரியாது, ஐயா. தெரியாமலே இன்னும் பத்துப் பேருக்குக் குடுக்கும். நான் சண்டைக்குப் போகேல்லை. சொல்லத்தான் போறன்."

இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள வேறுபாட்டை விளக்க மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்தைக் கொண்டு நான் எத்தனையோ முறை முயன்றிருக்கிறேன். உன் சகோதரன் உனக்கு விரோதமாய் நடந்தால் முதலில் தனியே போய் அவனோடு பேசு என்கிற அந்தப் போதனையை, நாம் பெரும்பாலும் நம் மனக்குறையைத் தீர்த்துக்கொள்ளும் வழியாகவே வாசிக்கிறோம். மாமி தம் மனக்குறையைத் தீர்க்கப் போகவில்லை. அவருடைய தக்காளி போனது போனதுதான். அந்தக் குவியலிலிருந்து அடுத்த சனிக்கிழமை அள்ளப்போகிறவர்களுக்காகப் போனார். சுருண்ட செடியொன்றை வேரோடும் மண்ணோடும் ஒரு பழைய வாளியில் வைத்துக்கொண்டு, என்னையும் துணைக்கு வரச் சொன்னார். துணைக்கு என்றாலும், அங்கே போனதும் ஐயா நீங்கள் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நல்லதே.

லாயத்துக்காரி முதலில் நம்பவில்லை. தாம் எந்த மருந்தும் தெளிப்பதில்லை என்றார், அது உண்மை. குரலும் சற்று உயர்ந்தது. மாமி வாளியை நிலத்தில் வைத்து, உங்கள் பிழை என்று நான் சொல்லவில்லை, இந்த இலையைப் பாருங்கள், தீவனம் விற்றவரிடம் கேளுங்கள் என்று தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மெதுவாய்ச் சொன்னார். அன்று கைகுலுக்கல் ஒன்றும் நடக்கவில்லை. நாங்கள் திரும்பி வந்தோம். பத்து நாள் கழித்து அந்தப் பெண் தோட்டத்துக்கே வந்தார். தீவனம் விளைந்த வயலில் அம்மருந்து தெளிக்கப்பட்டிருந்ததைக் கேட்டறிந்ததாகச் சொன்னார். எருக்குவியலின் முன் அறிவிப்புப் பலகை வைத்துவிட்டதாகவும் சொன்னார். அவருடைய கண் கலங்கியிருந்தது. எத்தனை ஆண்டுகளாய் எத்தனை பேருக்குக் கொடுத்தேன் என்று கேட்டுக்கொண்டே கூடாரத்தினுள் நின்றார். மாமி அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். சீனி இரண்டு கரண்டி, கேளாமலே.

பாத்திக்கு மருந்து என்னவென்று நீங்கள் கேட்பீர்கள். மாற்று மருந்து கிடையாது. மண்ணின் நுண்ணுயிர்கள் அந்த நஞ்சைத் தின்று தீர்க்க வேண்டும். அவற்றுக்கு ஈரமும் காற்றும் வெதுவெதுப்பும் வேண்டும். திறந்த வெளியென்றால் ஈரத்தை மழை பார்த்துக்கொள்ளும். கூடாரத்தினுள் யார் ஊற்றுவது? நட்ட செடிகளையெல்லாம் பிடுங்கிய பின் மாமி, புல்லினத்தைச் சேர்ந்த சோளத்துக்கு இந்த மருந்து தீங்கு செய்யாது என்று கேள்விப்பட்டு, இனிப்புச் சோள நாற்றுகளைப் பாதிப் பாத்தியில் நட்டார். மீதிப் பாத்தியை வெறுமையாய் விட்டு, கிழமைக்கொருமுறை கிண்டி, நீர் ஊற்றினார். சோளம் காற்றினால் சூல்கொள்ளும் பயிர். கூடாரத்தினுள் காற்றில்லாததால் ஆண் கதிர்களைக் கையால் குலுக்கிவிட்டார். அது எழும்பி நின்றது. அந்த ஆண்டின் அறுப்பின் பண்டிகைக்கு, பீடத்தின் முன் வழக்கமான கத்தரிக் கூடைக்குப் பதிலாக நான்கு சோளத் தண்டுகள் தாள்களோடும் கதிர்களோடும் நின்றதை உங்களில் பலர் பார்த்தீர்கள், அலங்காரமென்று நினைத்தீர்கள். அவற்றை அவர் ஒருவருக்கும் உண்ணக் கொடுக்கவில்லை, ஏலத்திலும் விடவில்லை. ஆண்டவருக்கு முன் வைக்க இந்த வருடம் என்னிடம் இதுதான் இருக்கிறது என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

குளிர்காலம் வந்தது. ஒன்றும் விதைக்காத பாத்திக்கு, எழுபது கடந்த ஒருவர், உறைபனி விடாத காலையில் நீர் ஊற்றிக்கொண்டிருப்பதை ஜனவரியில் நான் கண்டேன். பக்கத்துத் துண்டுக்காரர்கள் சிரித்தார்களாம். நான் சிரிக்கவில்லை, ஆனால் எனக்கும் அது விசித்திரமாகவே தோன்றியது. கனி கொடாத மரத்துக்கு எருவிட்ட தோட்டக்காரனின் முகத்தை அந்த உவமை நமக்குக் காட்டவில்லை. அவனுடைய ஓராண்டு எப்படி முடிந்தது என்றும் லூக்கா எழுதவில்லை. மரம் காய்த்ததா, வெட்டுண்டதா? எல்லா மறையுரையாளரும் அந்த இடத்தில் ஏதாவது சொல்லி நிரப்பிவிடத் துடிக்கிறோம். அந்த ஜனவரிக்குப் பின் நான் நிரப்புவதில்லை.

வசந்தத்தில் மாமி சோதனை செய்தார். இதை எல்லோரும் செய்யலாம். எருவோடு அல்லது ஐயப்படும் மண்ணோடு சரிபாதி நல்ல நாற்று மண்ணைக் கலந்து சில சட்டிகளிலும், நல்ல மண்ணை மட்டும் சில சட்டிகளிலும் இட்டு, ஒவ்வொன்றிலும் மூன்று பெரிய அவரை விதைகளை, இங்கே பிரோட் பீன் என்பதை, ஊன்ற வேண்டும். ஒரு சட்டியின் நீர் மற்றதற்குள் ஓடாதபடி தனித்தனித் தட்டில் வைக்க வேண்டும். நான்கைந்து கிழமைகளில் நஞ்சிருக்கும் சட்டியின் நுனியிலைகள் சுருளும். முதல் ஆண்டு லேசாகச் சுருண்டது. மறுபடியும் சோளம், மறுபடியும் கிண்டல், நீர். அடுத்த வசந்தத்தில் எல்லாச் சட்டிகளிலும் இலை நேராய் விரிந்தது. அதற்குப் பின்தான் கத்தரி நட்டார். நீங்கள் இப்போது வாங்கிப் போகும் கத்தரி அந்தப் பாத்தியினதே.

லாயத்துக்காரி இப்போது தீவனத்தைக் கேட்டறிந்தே வாங்குகிறார். ஆயினும் ஒவ்வொரு குவியலையும் சோதித்த பின்பே நாம் பரப்புவோம். அதில் அவருக்கு வருத்தமில்லை, அவரே விதை கொண்டுவந்து கொடுத்தார். புதிய குவியலின் சட்டிகள் ஆலயத்தின் பின்னறைச் சன்னலில், தெற்குப் பக்கம் இருக்கின்றன. ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் அவற்றில் பெயரெழுதி ஒட்டியிருக்கிறார்கள். தயவுசெய்து ஒருவரும் ஒரு தட்டின் நீரை மற்றத் தட்டில் ஊற்ற வேண்டாம். விதைகள் முளைத்துப் பதினொரு நாள் ஆகிறது. இன்று காலை பார்த்தபோது இரண்டிரண்டு இலைகள் விட்டிருந்தன. இம்மாதக் கடைசிச் சனிக்கிழமை, இலை நேராயிருந்தால், காலை ஒன்பது மணிக்கு எரு இறக்குகிறோம். முழங்கால் வரையுள்ள சப்பாத்து இருப்பவர்கள் போட்டுக்கொண்டு வாருங்கள். கைவண்டி இரண்டு போதாது. யாரிடமாவது இருந்தால் மாமியிடம் சொல்லி வையுங்கள்.